நுரைக்காரரின் தாள்

குளிர்பெட்டி பழுதுபார்ப்போர் பலர் கைக்கொள்ளும் எளிய வழி ஒன்று உண்டு. பெட்டி குளிரவில்லை என்று அழைத்தால், உள்ளே ஓடும் வாயு குறைந்திருக்கக் கண்டு, புதிய வாயுவை நிரப்பிக் கூலி பெற்றுப் போவர். பத்து நிமிட வேலை. மூன்று திங்களில் மீண்டும் அழைப்பு வரும். மீண்டும் கூலி கிட்டும். நாம் இங்குச் சொல்லப் புகுந்தவர் அவ்வழியை அறியாதவர் அல்லர். அறிந்தும் அதில் நடவாதவர். வாயு எங்கே கசிகிறது என்று காணாமல் இம்மியளவும் நிரப்ப மாட்டார். சோப்பைக் கரைத்து நுரையாக்கிப் பஞ்சில் எடுத்துக் குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் தடவுவார். பின்பு இமை கொட்டாமல் குனிந்து காத்திருப்பார். ஓட்டை உள்ள இடத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழும்; பருக்கும்; உடையும்.

"இதோ, மூச்சு விடறான் பாருங்க" என்பார்.

அந்த நுரையால் அவருக்கு நுரைக்காரர் என்று பெயர். பெற்றோர் இட்ட பெயரை அவர் மனைவியே இரண்டு நொடி யோசித்துத்தான் சொல்வார்.

ஞாயிறு முற்பகலில் அவர் கடைக்கு வருவோர் மட்டும் குளிர்பெட்டி பற்றி வாய் திறப்பதில்லை. கணவனும் மனைவியுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வருவர். கதவு கழற்றிய பழம்பெட்டிகளுக்கு நடுவே, கவிழ்த்த மரப்பெட்டிகளின்மேல் அமர்வர். அவர்கள் கொண்டு வருவது கடன்.

இப்பணியை அவரிடம் எவரும் ஒப்படைக்கவில்லை. இளமையில் அவர் ஒரு தவணைக் கடையில் சுமை தூக்குபவராக இருந்தார். தவணை தவறிய வீடுகளுக்குச் சென்று பொருளைத் திரும்ப எடுத்து வருவது வேலை. ஒருநாள் மூன்றாம் மாடி வீடொன்றில், அவ்வீட்டுப் பெண் தானே குளிர்பெட்டியிலிருந்து பால் பாத்திரத்தையும், பாதி வெட்டிய பூசணியையும், கண்ணுக்கு விடும் மருந்துக் குப்பியையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். அந்நேரம் கணவன் வந்து சேர்ந்தான்.

"மாசா மாசம் உன் கையிலதானே கொடுத்தேன்?"

"கொடுத்தீங்க. உங்க தம்பி வாங்கின கடனுக்கு யாரு கட்டினது? அதைக் கேட்டீங்களா?"

"எந்தக் கடன்?"

பெட்டியின் ஒரு மூலையைக் கையில் தாங்கியபடி நின்ற சுமைகாரர் அனைத்தையும் கேட்டார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இருவர் ஒருவர் கடனை ஒருவர் அன்றுதான் அறிந்தனர். அதுவும் பொருளை எடுக்க வந்த அயலார் முன்னிலையில். கடன் அவ்விருவரையும் தின்றுகொண்டிருந்தது. ஆயினும் ஒவ்வொருவரையும் தனித்தனியே தின்றுகொண்டிருந்தது. அம்மாத ஊதியத்தோடு அவர் அவ்வேலையை விட்டார். பழுதுபார்க்கும் தொழிலைப் பழகினார்.

அவர் கற்பிக்கும் முறை அந்த மாடி வீட்டில் பிறந்தது. இருவருக்கும் ஆளுக்கொரு தாள் தருவார். ஒருவரைக் கடையிலும் மற்றவரைப் பின்கட்டிலும் அமர்த்துவார். தமக்குத் தெரிந்த கடன்கள் யாவற்றையும் எழுத வேண்டும். சொல்ல மிகவும் நா கூசும் கடனை முதல் வரியில் எழுத வேண்டும். பிறகு இரு தாள்களையும் அருகருகே வைப்பார். இரண்டிலும் உள்ள வரிகளை விட்டுவிட்டு, ஒன்றில் மட்டும் உள்ள வரிகளின் கீழ்ச் சிவப்புக் கோடு இழுப்பார்.

"கோடு போட்டது கடன் இல்லீங்க, கசிவு. முதல்ல இதைப் பேசுங்க. நான் டீ சொல்லிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவார். அந்தத் தேநீர் வர முக்கால் மணி நேரம் ஆகும். தேநீர்க் கடையோ எதிர்ச்சாரியில் இருக்கிறது.

அதன் பின்னரே கணக்கு. எந்தக் கடன் எப்போது வந்தது, எதை அடைக்க எது வாங்கப்பட்டது என்று வேர் பிடித்துப் போவார். கடன் கொடுத்தவரிடம் தாமே உடன் சென்று, "இவர் ஓடிப் போகலை, நடந்து வந்திருக்கார். நடக்கற வேகத்துக்கு ஒரு தவணை போட்டுக் கொடுங்க" என்று பேசுவார். காசு வாங்க மாட்டார். காசு கொடுக்கவும் மாட்டார். எல்லாருக்கும் அவர் அறிவுரை பலித்தது என்று சொல்ல வழியில்லை. ஈராண்டு பாடுபட்டுக் கடனைத் தீர்த்த முடிதிருத்துநர் ஒருவர், மறுவாரமே தவணையில் இரட்டைக் கதவுக் குளிர்பெட்டி வாங்கி, அதைப் பொருத்தித் தர நுரைக்காரரையே அழைத்தார். இவர் போனார், பொருத்தினார், முழுக் கூலி வாங்கினார். திரும்பும் வழியெல்லாம் தமக்குத் தாமே சிரித்துக்கொண்டார்.

இத்தகையவருக்கு வாய் அடைத்துப்போன வீடு ஒன்று உண்டு. அது அவருடைய தங்கையின் வீடு.

தங்கையின் கணவர் பேருந்து ஓட்டுநர், நேர்மையானவர், மானமே உயிர் என்பவர். மூன்றாண்டுக்கு முன் வாடகைக்கு விடலாமென்று தவணையில் ஒரு வேன் வாங்கினார். தொடக்கத்தில் ஓடியது, பிறகு நின்றது. வாசலுக்கு எதிரே தார்ப்பாய் போர்த்திய அந்த வேனின் தூசியில் தெருப்பிள்ளைகள் படம் வரைந்தார்கள். ஒருமுறை நுரைக்காரர் அதைப் பற்றி மெல்லக் கேட்டதற்கு, "உங்க தங்கச்சியை நான் பட்டினி போட்டுட்டேனா, மச்சான்?" என்று ஓட்டுநர் கேட்டார். அதன்பின் ஓராண்டு அவர் நுரைக்காரர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஊரார் கடனையெல்லாம் கேட்கும் செவி, தங்கை வீட்டுக் கடனைக் கேட்கத் தகுதியற்றதாயிற்று.

அந்நிலையில், ஒரு சனிக்கிழமை மாலை, தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, ஃபிரிட்ஜ் குளிரலை. மூணு தடவை கேஸ் அடிச்சாச்சு."

"யாரு அடிச்சா? என்னைக் கூப்பிட மாட்டியா?"

"இப்பக் கூப்பிடறேன்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "திங்கக்கிழமை வீட்டுப் பத்திரத்தை வச்சுப் பெரிய கடன் வாங்கறார். சில்லறைக் கடனெல்லாம் அடைச்சிடலாமாம். நானும் கையெழுத்துப் போடணும். நாளைக்கு வா. ஃபிரிட்ஜைப் பாக்க மட்டும் வா."

அது இரண்டே அறை கொண்ட வீடு. பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்து அவள் ஈட்டியதும், அவர் பேருந்து ஓட்டி ஈட்டியதும் செங்கல் செங்கலாய்ச் சேர்ந்தது. அதைத் தவிர அவர்களுக்கு இவ்வுலகில் வேறு பற்றுக்கோடு இல்லை.

ஞாயிறு காலை நுரைக்காரர் மனைவியோடு சென்றார். ஓட்டுநர் வரவேற்றார், வரவேற்பில் குறையில்லை, குளிர்ச்சி மட்டும் சற்று மிகுதி.

"வாங்க மச்சான். வாங்கக்கா. ஃபிரிட்ஜுக்கா இவ்வளவு தூரம்?"

"ஃபிரிட்ஜுக்குத்தான் மாப்பிள்ளை. கொஞ்சம் அந்த டார்ச்சைப் பிடிங்க."

பெட்டியைத் திருப்பி, நுரை தடவி, இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தனர். முக்கால் மணி நேரம் சென்றது. அடியில், துருவேறிய வளைவொன்றில், குமிழி எழுந்தது.

"அட!" என்றார் ஓட்டுநர், தம்மை மறந்து. "அப்ப மூணு தடவை கேஸ் அடிச்சவன் என்ன பண்ணினான்?"

"கேஸ் அடிச்சான். சுலபமான வேலை."

"ஓட்டையைப் பாக்கவே இல்லையா?"

"பாத்தா அரைநாள் போயிடும். அதோட, திரும்பவும் கூப்பிட மாட்டீங்களே."

ஓட்டுநர் நிமிர்ந்தார். "மச்சான், நீங்க ஃபிரிட்ஜைப் பத்தித்தானே பேசறீங்க?"

"இதுவரைக்கும் ஃபிரிட்ஜைப் பத்தித்தான்."

குழாயைப் பற்றவைத்த பின், உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச ஒரு பம்பைப் பொருத்தினார். அது அரைமணி நேரம் ஓட வேண்டும். அதுவரை எவருக்கும் வேலையில்லை. நால்வரும் அச்சிறு சமையலறையில் பம்பின் இரைச்சலைக் கேட்டபடி நின்றனர். ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை.

"இவதான் சொல்லியிருக்கா, அதானே? சரி, வெளிப்படையாவே கேக்கறேன். ஊருக்கெல்லாம் தாள் கொடுக்கறீங்களே, உங்க தாளை எவனாவது பாத்திருக்கானா? டாக்டருக்குக் காய்ச்சலே வராதா மச்சான்?"

தாள் கொடுக்கத் தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் எவரும் கேளாத கேள்வி அது. நுரைக்காரர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார், பெட்டியின் தலைமேல் வைத்தார், எழுதத் தொடங்கினார். பாதியில் பேனா நின்றது. மனைவியை ஒருமுறை பார்த்தார். நின்ற பேனாவை அழுத்தி முதல் வரியை எழுதி முடித்து, தாளை மனைவியிடமே நீட்டினார்.

மனைவி உரக்கப் படித்தார்: "பம்பு. பாக்கி எட்டுத் தவணை." படித்துவிட்டு, இரைந்து ஓடிக்கொண்டிருந்த பம்பைப் பார்த்தார். "இந்தப் பம்பா? ரொக்கத்துக்கு வாங்கினேன்னு நெஞ்சைத் தட்டிச் சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"அதானா, ஏழாந்தேதி ஆனா மட்டும் நீங்களே பையைத் தூக்கிட்டுக் காய் வாங்கக் கிளம்பறது? நான் கூட, மனுஷனுக்கு இந்த வயசுல பொறுப்பு வந்துடுச்சுன்னு..."

"உன்கிட்ட தவணைன்னு சொல்லக் கூச்சமா இருந்தது. தவணை வாங்காதீங்கன்னு ஊருக்குச் சொல்றவன்."

"கூச்சமாம். வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். அடக்க முயன்றும் முடியாமல் சுவரில் சாய்ந்து சிரித்தார். "மச்சான், இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போக வேணாம். இங்கயே படுத்துக்கோங்க."

"பாயை எடுத்து வைங்க மாப்பிள்ளை" என்றார் நுரைக்காரர். அவர் முகம் சிவந்திருந்தது. ஆயினும் தலை தாழவில்லை.

தம் குறையை மறைத்துக்கொண்டு பிறர் குறையைத் திருத்துவோர் உலகில் மிகப் பலர். கேட்ட மாத்திரத்தில், மனைவியும் தங்கையும் காண, அதைக் கையெழுத்தாக்கி நீட்டுவோர் அரியர். இப்பெருமையை நான் பெரிதென்று கருதுகிறேன்; கடனைக் கணக்கிடும் திறன் அதற்கு அடுத்தபடியில் நிற்பதே.

சிரிப்பு ஓய்ந்ததும் ஓட்டுநர் கையை நீட்டினார். "இன்னொரு தாள் இருக்கா?" தாளை வாங்கிக்கொண்டு மறு அறைக்குச் சென்றார். தங்கை சமையல் மேடையிலேயே தன் தாளை எழுதினாள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் தாளில் ஒன்பது வரிகள். அவள் தாளில் ஐந்து. நான்கு மட்டும் இரண்டிலும் இருந்தன. அவர் தாளில் அவள் அறியாத ஐந்து: பணிமனையில் வட்டிக்கு விடுபவரிடம் ஒன்று, உடன் வேலை செய்வோரிடம் மூன்று, கைபேசிச் செயலியில் வாங்கியது ஒன்று. அவள் தாளில் அவர் அறியாத ஒன்று, அதுவும் முதல் வரியில்: சங்கிலி, அடகுக் கடை.

"அறுந்துபோச்சு, நகைப் பத்தர்கிட்ட கொடுத்திருக்கேன்னு சொன்னியே?" என்றார் ஓட்டுநர்.

"மளிகைக் கடைக்காரர் பாக்கி கேட்டு வாசல்ல நின்னார். நீங்க அப்பத்தான் டூட்டி முடிச்சு வந்து தூங்கிட்டிருந்தீங்க."

நுரைக்காரர் இம்முறை தேநீர் சொல்லப் போகவில்லை. பம்பை நிறுத்தி, வாயுவை மெல்ல ஏற்றத் தொடங்கினார். திரும்பாமலே ஒன்றை மட்டும் கேட்டார்.

"இந்தப் பத்துல எது முதல்ல வந்தது, மாப்பிள்ளை?"

ஓட்டுநர் சன்னல் வழியே தார்ப்பாயைப் பார்த்தார். "அதான். அதுக்குத் தவணை கட்டத்தான் மத்ததெல்லாம்."

"நாளைக்குப் பெரிய கடன் வாங்கினா, வேன் எங்க நிக்கும்?"

"அங்கயேதான் நிக்கும்." ஓட்டுநர் தார்ப்பாயிலிருந்து கண்ணை எடுத்தார். "வித்தா பாதி விலைக்குத்தான் போகும் மச்சான். பெருமையா வாங்கினது. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

சமையல் மேடையருகே நின்ற தங்கை சொன்னாள்: "அந்த நாலு பேர்ல யாராவது ஒரு தவணை கட்டியிருக்காங்களா?"

திங்கட்கிழமை எவரும் கையெழுத்திடவில்லை. பத்திரம் இரும்பு அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று வாரத்தில் வேன் நட்டத்துக்கு விற்கப்பட்டது. தெருப்பிள்ளைகளுக்கு மட்டும் வருத்தம். எஞ்சிய கடன்களுக்கு நடக்கிற வேகத்தில் தவணை பேசப்பட்டது. முழுதும் தீர இரண்டரை ஆண்டு ஆயிற்று. சங்கிலி கடைசிக்கு முந்திய மாதம் கழுத்துக்குத் திரும்பியது.

நுரைக்காரர் கடையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இப்போது ஞாயிறுதோறும் வருவோர் கையில் தாள் கொடுப்பதற்கு முன், அவர் தம் தாளை எடுத்து அவர்கள் முன் வைக்கிறார். பம்புத் தவணை முடிந்த பின்னும் அதைக் கிழிக்க அவர் மனைவி விடவில்லை.

அந்த ஞாயிறன்று பெட்டி குளிரத் தொடங்கிய பின், புறப்படும் வேளையில், ஓட்டுநர் கூலி எவ்வளவு என்று கேட்டார். நுரைக்காரர் மைத்துனர் என்ற முறையில் கையை அசைத்து மறுத்தார். ஓட்டுநர் தம் தாளை எடுத்து, சங்கிலிக் கடனைப் பத்தாவதாகச் சேர்த்து, அடியில் பதினோராவதாக ஒரு வரி எழுதினார்: ஃபிரிட்ஜ் வேலை, மச்சானுக்கு.

ஊதியம் வந்த அன்று சீருடையோடு நேரே கடைக்கு வந்து பணத்தை எண்ணி வைத்தார்.

"ரசீது?"

"மச்சான்கிட்டயே ரசீதா, மாப்பிள்ளை?"

"மச்சான்ங்கறதாலதான் கேக்கறேன்."

நுரைக்காரர் ரசீது எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் அங்கேயே மரப்பெட்டியின்மேல் அமர்ந்து, மடித்து வைத்திருந்த தாளை விரித்து, பதினோராவது வரியை நிதானமாக அடித்தார். அத்தாளில் முதலில் அடிபட்ட வரி அதுவே.