குழறிய நாவோடு ஒரு செபமாலை

போன வருடம் தவக்காலத்தில் எனக்குப் பாரிசவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன. நாக்குத் தேறவில்லை. ரொறன்ரோவில் நம் மக்கள் கேட்கும் தமிழ் வானொலியில் புதன்தோறும் செபமாலை சொல்லி வந்தவன் நான். அந்த வாய் குழறத் தொடங்கியது.

ஒருநாள் ஸ்காபரோவில் ஒரு கடையில் கோப்பி கேட்டேன். காசு வாங்கும் பிள்ளைக்கு விளங்கவில்லை. நான் குடித்திருப்பதாக நினைத்து முதலாளியைக் கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் எங்கள் பங்குமக்கள் இருவர் நின்றார்கள். கூனிக் குறுகிப்போய் வெளியே வந்தேன். காரில் இருந்த மனைவி நிர்மலாவிடம் நடந்ததைச் சொல்லவும் வெட்கம்.

அதன்பின் வானொலிப் பக்கமே போகவில்லை. பூசையிலும் கடைசி வாங்கில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்தேன். யாராவது போன் எடுத்தால், நான் நித்திரை என்று நிர்மலா சொல்லவேண்டும். “ஆண்டவரே, பேச்சைத் திருப்பித் தாரும், இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும்.” இதுதான் என் ஒரே மன்றாட்டு.

பேச்சுப் பயிற்சி வகுப்பில் என் பக்கத்தில் வேரா என்ற செக் நாட்டுப் பெண்மணி இருப்பார். அவருக்கும் பாரிசவாதம்தான். என்னைவிட மோசமாகக் குழறுவார், ஆனாலும் ஓயாமல் பேசுவார். நான் வானொலியில் செபம் சொன்னவன் என்று அறிந்ததும், “நானும்தான்!” என்றார்.

அவருடைய நாட்டில் கம்யூனிச ஆட்சி நடந்த காலத்தில் கோயிலுக்குப் போவோரை உளவு பார்த்தார்களாம். வேரா இளவயதில் தப்பி வெளியேறி, வேறொரு நாட்டிலிருந்து செக் மொழிக் கத்தோலிக்க வானொலியில் நற்செய்தி வாசித்தார். அது கேட்காதபடி அரசாங்கம் இரைச்சலை ஒலிபரப்பும். யாராவது கேட்கிறார்களா என்றே அவருக்குத் தெரியாது. ஆட்சி மாறியபின் ஊருக்குப் போய் ஒரு பேக்கரிக் கடையில் பாண் கேட்டிருக்கிறார். கடைக்காரி அப்படியே நின்றுவிட்டாளாம்.

“‘அந்தக் குரல் நீங்கள்தானே’ என்று அழுதாள். ‘பாதிதான் விளங்கும். அந்தப் பாதிக்காகவே வீட்டில் எல்லோரும் கூடுவோம்’ என்றாள்.”

இதைச் சொல்லி முடிக்க வேரா அவ்வளவு தடுமாறினார். ஆனால் ஒரு சொல்லையும் நான் தவறவிடவில்லை.

“நீ ஏன் நிறுத்தினாய்?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், “வாற புதன் நான் வானொலிக்குப் போறன்” என்றேன்.

“சனம் சிரிச்சா என்னப்பா செய்வீங்கள்?” என்றாள் நிர்மலா.

“சிரிக்கட்டும்.” சொல்லிவிட்டேனே தவிர, பயம்தான்.

ஒலிவாங்கியின் முன் “அருள் நிறைந்த மரியே” என்பதே குழைந்துதான் வந்தது. முடிந்ததும் ஓடிவிட நினைத்தேன். அதற்குள் விட்பி நகரிலிருந்து ஒரு பெண் நிலையத்துக்கு போன் எடுத்தார்.

“அண்ணை, என்ர மனிசனுக்கும் ஸ்ரோக் வந்தது. வெக்கத்தில வாயே திறக்கிறேல்ல. இண்டைக்கு உங்களோட சேர்ந்து முழுசாச் சொன்னவர். இந்தாங்கோ, அவரோட கதையுங்கோ.”

“அ...ண்ணை” என்றது ஒரு குரல். அதற்குமேல் வரவில்லை. “ஓம் தம்பி, ஆறுதலாச் சொல்லுங்கோ” என்றேன். இருவரும் அழுதோம்.

என் பேச்சு இன்னும் பழையபடி வரவில்லை. ஆனால் ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டார் என்றே சாட்சி சொல்கிறேன். வாய் திறக்கும் தைரியத்தை அவரே தந்தார். அவரிடம் சாவைக் கேட்டதை நினைத்தால்தான் இப்போது முகம் நிமிரவில்லை.

வெட்கத்தில் வீட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களே, புதன்கிழமை வானொலியைப் போடுங்கள். நான் மெதுவாகத்தான் செபம் சொல்லுவேன். உங்கள் வாயில் வருகிறபடி நீங்களும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.