எட்டாவது போல்ட்

நடுங்கி என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். ஆள் நடுங்குகிறவர் இல்லை. ததும்ப ஊற்றிய டீ கிளாஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கார்புரேட்டர் திருகைத் திருப்புவார். சொட்டு கீழே விழாது. அப்படிப்பட்ட மனுஷனுக்கு இந்தப் பேரை வைத்தது ஊரான் எவனும் இல்லை, சொந்தச் சகலைதான்.

மாமனாருக்கு இரண்டே பெண்கள். மூத்தவளை இவர் கட்டினார். ஆறு வருஷம் கழித்து இளையவளைச் சகலை கட்டினார். கட்டும்போது மாப்பிள்ளைக்கு உருப்படியாக வேலை ஒன்றும் இல்லை. இவர்தான் தான் வேலை பார்த்த பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபோர்மன் கையைக் காலைப் பிடித்துச் சேர்த்துவிட்டார். ஸ்பேனரைப் பிடிக்கிற விதம் முதற்கொண்டு சொல்லிக்கொடுத்ததும் இவர்தான்.

சொல்லிக்கொடுத்ததில் ஒன்று முக்கியமானது. எஞ்சினுக்கு மேல்பாதி ஹெட், கீழ்ப்பாதி பிளாக். தேய்ந்த ஹெட்டைக் கழற்றித் தூக்கும்போது அதிலிருக்கிற தண்ணீர் வழிந்து, பிளாக்கில் இருக்கும் போல்ட் ஓட்டைகளில் போய் நிற்கும். அந்த ஓட்டைகள் அடி மூடினவை. காய வைக்காமல் போல்ட்டை முறுக்கினால் தண்ணீர் எங்கே போகும்? இரும்பைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். அதனால் இவர் காற்றடித்ததோடு விடமாட்டார். பழைய பனியனைக் கிழித்துத் திரி திரித்து ஓட்டைக்கு ஒன்றாக இறக்கி, உருவி, கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று பட்டால் இன்னொரு திரி.

கல்யாணம் ஆன நாற்பதாம் நாள், ஒரு மத்தியான நேரம், சகலை திரியும் போடவில்லை, காற்றும் அடிக்கவில்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று முறுக்கினார். பிளாக் விரிந்தது. பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த இவர் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது, சகலை தன் கையிலிருந்த ரெஞ்சை இவருடைய ஸ்பேனர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். ஃபோர்மன் வந்து யார் முறுக்கியது என்று கேட்டார்.

"அண்ணன்தான் சார். பாவம், கொஞ்ச நாளா அவருக்குக் கை நடுங்குது. நான்கூட சொன்னேன், என்னைய முறுக்க விடுங்கன்னு."

இவர் வாயைத் திறப்பதற்குள் சீட்டுக் கிழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு காலில் விழாத குறை. "என் தங்கச்சிக்கு மஞ்சள் ஈரம் காயல. அவரு வேலையும் போச்சுன்னா அவ என்ன செய்வா? உங்களுக்கு வேற எங்கேயும் வேலை கிடைக்கும். எனக்காக விட்டுடுங்க."

விட்டார். அதோடு போயிருந்தால் தொண்டையில் மாட்டின முள்ளை விழுங்கின மாதிரி விழுங்கியிருப்பார். ஆனால் சகலைக்கு அந்தப் பொய் தித்திப்பாகப் போயிற்று. கல்யாண வீடோ, குழந்தைக்குப் பேர் வைக்கிற வீடோ, பந்தியில் இவர் இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "அண்ணனுக்குத் தண்ணி அரை டம்ளர் ஊத்துங்கப்பா, கை நடுங்கும்" என்பார். சிரிப்பு கிளம்பும். மாமனாரும் சிரித்தார். பத்தொன்பது வருஷம் சிரித்தார்கள். நடுங்கி என்ற பேர் குடும்பத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, சொந்தப் பட்டறை வைத்த இடத்துக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. புதிதாக வருகிறவர்கள் முதலில் இவர் விரல்களைத்தான் பார்ப்பார்கள். பெரிய வேலை என்றால் மெல்ல வேறு பட்டறைக்கு நகர்ந்துவிடுவார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் கட்டையும் பேட்டரியும் மாற்றிக்கொண்டிருந்தார்.

சகலை ஷெட்டிலேயே மேற்பார்வைக்கு உயர்ந்து, ஸ்பேனர் தொடாமலே காலம் தள்ளி, வேலையை விட்டபின் பழைய பிக்கப் ஒன்று வாங்கினார். மர அலமாரி, கட்டில், மெத்தை ஏற்றுகிற வாடகை வண்டி. குடும்பம் அதில்தான் ஓடியது. ஒருநாள் அது மேடு ஏறாமல் நின்றது. வெள்ளைப் புகை, தண்ணீர் குறைவு, இழுவை இல்லை. மூன்று பட்டறையில் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். சாய்ந்து நிற்கிற ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு ஹெட். இந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?

இளையவள் அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"என்னங்க, தங்கச்சி அழறா. செஞ்சு குடுத்துடுங்களேன்."

"செய்றேன். நல்லாச் செய்றேன்."

அந்த 'நல்லா' மனைவிக்கு நல்லதாகப் படவில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பயந்து உள்ளே போய்விட்டாள்.

பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டு இரண்டு ஹெட்டையும் இறக்கினார். பக்கத்துப் பட்டறை லேத்காரர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வால்வு உட்காரும் இடமெல்லாம் பள்ளமாகத் தேய்ந்து, இரண்டு வால்வுக்கு நடுவே மயிரிழை விரிசல். இரும்பு அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"இதைத் தேய்ச்சும் புண்ணியமில்லப்பா."

"தேய்க்கப் போறதில்ல. வேற ரெண்டு ஹெட்டு வருது."

வந்தது. இவர் பிளாக்கின் முகத்தைச் சுரண்டித் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். காற்றடித்தார். பக்கத்துக்கு எட்டு ஓட்டை. திரி திரித்துப் போட்டார். இடது பக்கம் எட்டும் காய்ந்தது. நடுவே கசிவை அடைக்கிற கேஸ்கெட் தகட்டைப் போட்டு, ஹெட்டை உட்கார வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று சுற்று முறுக்கி முடித்தார். வலது பக்கம் ஏழு ஓட்டைக்குத் திரி போட்டார். எட்டாவது கடைசி மூலையில் இருந்தது. அதற்குள் தண்ணீர் சின்னக் கண் மாதிரி மினுங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த எட்டாவது திரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன்மேல் கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டையும் ஏற்றி, சகலைக்கு ஆள் அனுப்பினார்.

சகலை சலவைச் சட்டையோடு வந்தார். கூடவே மச்சினியும் வந்தாள். லேத்காரரையும் டயர் கடைக்காரரையும், "வாங்க, ஃபோர்மன் கிரேடு ஆளு முறுக்குறதைப் பாருங்க" என்று இவரே கூப்பிட்டு வைத்திருந்தார்.

"நானா?" என்றார் சகலை.

"பின்னே? எனக்குத்தான் கை நடுங்குமே. உங்க வண்டி. நானும் முறுக்கி, நாளைக்கு ஒண்ணுன்னா உங்களுக்குத்தானே கஷ்டம்."

எல்லாரும் சிரித்தார்கள். சகலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அதுவும் சரிதான். குடுங்கண்ணே, பழைய கை இன்னும் மறக்கல" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதல் சுற்று ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில் எட்டாவது போல்ட் மற்றதைவிடச் சீக்கிரம் அடம்பிடித்தது. வேலை தெரிந்த கைக்கு அது போதும். நிறுத்தி, கழற்றிப் பார்க்கும். சகலை, "பாருங்க, நான் பிடிச்சா எப்படி இறுகுது!" என்றார். நிறுத்து என்ற ஒரு சொல் இவர் நாக்கு நுனிவரை வந்தது. பந்தியில் சிரித்த அத்தனை வாயும் கண்முன்னே வரிசையாகத் திறந்தது. சொல்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் சுற்று. சகலை உடம்பு எடையைக் கொடுத்து இழுத்தார்.

டக்.

பெரிய சத்தமில்லை. ஆனால் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் பல் கூசியது. பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு கோடு விழுந்து, அதன் வழியே தண்ணீர் நூலாக இறங்கியது.

"அண்ணே, இது நீங்கதான்… உங்க கை…" என்று சகலை ஆரம்பித்தார். ரெஞ்ச் அவர் கையில் இருந்தது. வைப்பதற்குப் பக்கத்தில் வேறு யார் தட்டும் இல்லை.

லேத்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "யோவ், நடுங்குறது யாரு கைன்னு இப்பப் பாருய்யா." உண்மைதான். ரெஞ்சின் வால் ஆடிக்கொண்டிருந்தது.

இவருக்கு உடம்பெல்லாம் பச்சைத் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷ எரிச்சலும் ஒரே மூச்சில் அடங்கியது. அப்போது மச்சினி அந்தத் தண்ணீர் நூலைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்தான், அந்த ஓட்டைல தண்ணி இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பழி முழுக்க முறுக்கியவர் தலையிலேயே நின்றிருக்கும். ஆனால் தெரியாது என்றால் என்ன அர்த்தம்? ஓட்டையைப் பார்க்காத மெக்கானிக் என்று அர்த்தம். கெட்டவன் என்ற பேரை அவர் சுமப்பார். வேலை தெரியாதவன் என்ற பேரை இன்னொரு நாள்கூடச் சுமக்க மாட்டார்.

"தெரியும்மா. ஏழு ஓட்டைய நான்தான் காயவெச்சேன். எட்டாவதை வேணும்னுதான் விட்டேன்."

"எங்க சோத்துல கை வெச்சுட்டீங்களே அத்தான்!"

"சோறு போகாது. இதே மாதிரி பிளாக் ஒண்ணு பழைய இரும்புக் கடைல கிடக்கு, பார்த்து வெச்சிருக்கேன். ஒரு மாசத்துல ஏத்தித் தரேன், கூலி வேண்டாம். ஆனா இவரு முதல்ல ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஷெட்டுல முறுக்கினது யாரு?"

சகலை முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் இவர்மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்."

"லேத்து ஓடுது, கேட்கல."

"நான்தான்ய்யா! நான்தான் முறுக்கினேன்!"

டயர் கடைக்காரர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் கடைத்தெருவின் அந்தக் கோடி வரை போய்விட்டது.

சொன்னபடி பிளாக் வந்தது, வண்டியும் ஓடியது. இன்றுவரை அந்த எஞ்சின் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மனைவி மட்டும் அந்த ஒரு மாசமும் தட்டை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். தங்கை வீட்டு வாசற்படியை இவர் இனி மிதிக்க முடியாது என்பதும் முடிவாகிவிட்டது.

பட்டறைக்குப் பெரிய வேலைகள் வர ஆரம்பித்தன. லாரி எஞ்சின்கூட வருகிறது. கை சுத்தமான ஆள் என்று தூரத்திலிருந்து தேடி வருகிறார்கள். ஆனால் ஒருவரும் வண்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. கடைசி போல்ட் இறுகும்வரை கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

"என்னப்பா, உன்னை நம்ப மாட்டேங்கிறாங்களே?" என்று லேத்காரர் கேட்டால், தலை நிமிராமல் சொல்கிறார்:

"நிக்கட்டும். விரலைப் பார்க்கலையே, அது போதும்."