பெயர் சொன்னால் திரும்புகிறதா?

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறி ஓடும் தெருக்களில் கன்னியம்மாள் கால் படாத வீடு கிடையாது. எண்பத்தொன்பதில் அங்கன்வாடி டீச்சராகச் சேர்ந்தவள், பதினைந்து வருஷமாக அந்தத் தெருப் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, டீயில் பன்னை நனைத்துக் கொடுக்கும் தாய்மாரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவளும் தறிக்காரர் வீட்டுப் பெண்தானே.

அதுவே வினையாகப் போயிற்று. தறி ஓடும் வீட்டில் வாய்க்கு வேலையில்லை, தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. சோறு துன்ன வா என்றால் விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோவார்கள். கூப்பிட வேண்டுமென்றால் கையை ஆட்டுவார்கள். பிறந்ததிலிருந்து அப்படியே பழகியதால் கன்னியம்மாளுக்குக் கை ஆடாமல் வாய் திறக்காது.

மூன்றாம் தெரு ரோஜாவின் புருஷன் சுரேஷ்பாபு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குவைத்துக்கு டிரைவராகப் போனான். ரோஜா ஒருத்தியாக இரண்டு தறி ஓட்டினாள். பக்கத்திலேயே புடவைத் தொட்டில், அதில் யமுனா. கெட்டிக்காரக் குழந்தை. கை காட்டினால் ஓடி வரும், சொம்பைக் காட்டினால் எடுத்து வரும். இரண்டு வயது தாண்டியும் பேச்சு மட்டும் வரவில்லை. ரோஜா பயந்து கேட்டபோது, அதன் நைனா சுரேஷ்பாபுவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தானாம் என்று தேற்றியவள் கன்னியம்மாள்தான்.

அவளுடைய பதிவேட்டில் தெலுங்கில் ஒரு கேள்வி உண்டு: பெயர் சொன்னால் திரும்புகிறதா? மாதாமாதம் வாசலில் நின்று, கையை ஆட்டி, யமுனா என்று கூப்பிடுவாள். குழந்தை சிரித்துக்கொண்டு ஓடி வரும். டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு மதியம், அவள் ரோஜா வீட்டில் இருந்தபோது கரண்ட் போயிற்று. தெருவிலிருந்த தறியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகளுக்குச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். வீட்டுக்கு வீடு அழுகை கேட்டது. யமுனாவின் தொட்டில் மட்டும் அசையவில்லை.

“பாருக்கா, என் பொண்ணு எவ்ளோ சமத்து” என்றாள் ரோஜா.

கன்னியம்மாள் எழுந்து தொட்டிலருகே போனாள். ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துத் தொட்டிலின் தலைமாட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். பக்கத்து வீட்டு அப்பாவு என்னமோ ஏதோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. ரோஜாவின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது.

திருப்பதி ஆஸ்பத்திரியில், பிறந்ததிலிருந்தே காது மந்தம் என்றார்கள். மெஷின் வைத்துப் பழக்கினால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருமாம். ஒரு வயதிலேயே கொண்டு வந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்குமாம். திரும்பி வரும்போது, பஸ் புத்தூர் தாண்டியதும் ரோஜா கேட்டாள்: “உன் புஸ்தகத்துல இன்னாக்கா எழுதி வச்சிக்கினு இருக்கே?”

ரோஜாவுக்குத் தெலுங்கு படிக்க வராது. பொய் சொல்லியிருக்கலாம்.

“திரும்புதுன்னு எழுதிக்கினே வந்தேன். கையை ஆட்டிக்கினு கூப்ட்டிருக்கேன் ரோஜா. தப்பு என்னுது.”

ரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நகரி வரும்வரை திரும்பவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று அப்பாவு ஆறுதல் சொன்னார். சறுக்கிய யானை எழுந்து நடந்துவிடும், அதன் காலடியில் கிடந்ததற்கு யார் பதில் சொல்வது? கன்னியம்மாளுக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாலும் அதன் முதுகுக்குப் பின்னால் போய், கைகளைக் கட்டிக்கொண்டுதான் கூப்பிட்டாள். ரோஜா தறியை விட்டு வர முடியாததால், வியாழன்தோறும் யமுனாவைப் பேச்சுப் பயிற்சிக்குத் திருப்பதிக்கு அழைத்துப்போனவளும் அவள்தான். சாயங்காலம் கொண்டுவந்து விட்டால், உட்காரவை, போ என்று ரோஜா கையால் காட்டுவாள். பார்ப்பவர்களுக்கு அது தறிச் சத்தத்தால் என்று தோன்றும்.

பயிற்சி தொடங்கி ஏழாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, பஸ்ஸில் அவள் மடியிலிருந்த யமுனா “ம்மா” என்றது. கன்னியம்மாள் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். அன்றைக்குக் கரண்ட் இல்லை, தெருவே அமைதியாக இருந்தது. மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். ரோஜா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கையை உயர்த்தி, போ என்று காட்டினாள்.