கை வைக்காமல் போட்ட துளை

என் மகளின் இடது மணிக்கட்டில் ஏழு தையல் போட்டிருந்தார்கள். தையல் பிரித்த மறுநாளே, "திங்கக்கெழம வேலைக்குப் போறேம்மா" என்றாள். போகக் கூடாது என்றேன்.

டிப்ளமோ படித்தவள். விழுப்புரத்தில் விவசாய மிஷின்களுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை ஒன்றில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். நான் உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். 

நடந்தது ஆயுத பூஜை அன்று. பட்டறையைக் கழுவிவிட்டு, கையில் தூக்கக்கூடிய சாமான் எல்லாவற்றையும் சாமி படத்தின் முன் வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்பேனர், சுத்தியல், தகட்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், கிளாம்ப் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. மறுநாள் காலை வரை அவற்றை யாரும் தொடுவதில்லை. டிரில்லிங் மிஷின் மட்டும் தரையோடு போல்ட் போட்டு நிற்பது. அதனால் நின்ற இடத்திலேயே மாலை.

அந்த நேரம் பார்த்து வல்லத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்திருக்கிறார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைக்கும் மிஷினில், சல்லடையைப் பிடித்து நிறுத்தும் தகடு உடைந்துவிட்டது. களத்தில் மல்லாட்டை கிடக்கிறது, வானம் இருட்டுகிறது. ஒரே ஒரு தகடுதானே என்று முதலாளி மிஷினுக்குச் சூடம் காட்டி ஓட்டச் சொன்னார். மிஷினை ஓட்ட சாமியிடம் அனுமதி கேட்டுக்கொள்ளலாம், சாமி முன் வைத்ததை மட்டும் எடுக்கக் கூடாது. அப்படி ஒரு நியாயம். என் மகளும் வைஸை எடுக்கவில்லை. தகட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துளை போட்டாள். துளை போடும் பிட் தகட்டின் அடிப்பக்கம் எட்டிப் பார்த்த நொடியில் அதைக் கவ்வியது. தகடு மேலே எழும்பி, ஃபேன் இறக்கை போலச் சுற்றி, அவள் மணிக்கட்டைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில், "ஏண்டி, அந்தக் கிளாம்ப எடுத்து மாட்டினா என்ன?" என்று கத்தினேன்.

"சாமிக்கு வெச்சத நடுவுல எடுக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லுவ."

ஆமாம். பூஜைக்கு வைத்த பாடப்புத்தகத்தை அவள் சின்ன வயதில் எட்டி எடுத்தபோதெல்லாம் கையில் ஒன்று போட்டவள் நான்தான். அதன் பிறகு ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.

வேலைக்குப் போவதைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னேன். "நானும் வர்றேன். உன் கை அந்தத் தகட்டுப் பக்கமே போகாம தொள போட்டுக் காட்டு. முடியலன்னா அதே பஸ்ஸுல என்னோட திரும்பி வந்துடணும். அதோட அந்த வேல வேணாம்."

"சரி. ஆனா நீ அங்க வந்து கத்தக் கூடாது."

திங்கட்கிழமை லீவு போட்டேன். பட்டறை வாசலில் முதலாளி நின்றிருந்தார். "வாங்க டீச்சர். பொண்ண வுட்டுட்டுப் போக வந்தீங்களா, கூட்டிக்கினு போக வந்தீங்களா?"

"இன்னும் தெரியலீங்க" என்றேன்.

வல்லத்து விவசாயியும் அங்கே இருந்தார். இந்த முறை ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து முப்பது தகடு கேட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கொண்டார். "நம்மளால பாப்பாவுக்கு இப்பிடி ஆயிடுச்சேன்னு மனசே கேக்கலம்மா."

முதலாளிக்கு அவசரம். "முப்பது தகடு, ஒண்ணொண்ணுலயும் நாலு தொள. ஜல்தியா ஆவணும். கிளாம்பு மாட்டிக்கினு இருந்தா சாயங்காலம் ஆயிடும். இருவது வருஷமா நான் கையிலதான் புடிக்கிறேன், என்னா ஆயிடுச்சு?"

"அந்தக் கட்டவெரல டீச்சருக்குக் காட்டுங்கண்ணே" என்றாள் என் மகள். அந்த விரலில் நகமே கிடையாது. விவசாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் பையிலிருந்து தடித்த கையுறை ஜோடியை எடுத்தேன். முந்தின நாள் கடை கடையாக ஏறி வாங்கியது.

"வேணாம்மா. பிட்டு சுத்தும்போது கையுறை நுனி மாட்டினா வெரலயும் சேத்து இழுத்துக்கினு போயிடும். வெறுங்கையே மேல்."

பாதுகாப்பு என்று நான் யோசித்த ஒரே விஷயமும் ஆபத்தாகப் போயிற்று. கையுறையை மடித்து உள்ளே வைத்தேன்.

அவள் துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டி, பின்னலைச் சுருட்டிச் சட்டைக் காலருக்குள் செருகினாள். முதலில் வைஸ். இரண்டு தாடைக்கும் நடுவே தகட்டை வைத்து இறுக்கியதும், அது பொரித்த அப்பளம் போல வளைந்தது. மெல்லிய தகட்டுக்கு வைஸ் ஆகாது. எடுத்துவிட்டாள். அடுத்து, மிஷின் மேஜையோடு சேர்த்து ஓரத்தில் ஒரு கிளாம்ப் போட்டாள்.

கத்த மாட்டேன் என்று சொன்னதை மறந்துவிட்டேன். "ஒத்தப் புள்ளியில புடிச்சா அதையே மையமா வெச்சு சுத்துண்டி! ரெண்டு புள்ளி வேணும்!"

"தெரியும் டீச்சர். ரெண்டாவது கிளாம்பத்தான் தேடிக்கினு இருக்கேன்."

இரண்டாவதும் கிடைத்தது. ஆனால் பிட் அழுத்தும்போது தகட்டின் நடுப்பகுதி பள்ளமாகிறது என்றாள். அடியில் ஒரு மரப்பலகை கொடுத்தாள். மேலேயும் ஒரு பலகை வைத்துத் தகட்டை நடுவில் வைத்து இறுக்கினால், பிட் கவ்வினாலும் தகடு எழும்ப இடம் இருக்காது. அப்படியே எழும்பினாலும் சுற்றிவிடாமல் இருக்க, மேஜையில் இடப்பக்கம் ஒரு போல்ட்டை நிறுத்தி, பலகையை அதில் முட்டக் கொடுத்தாள். இரண்டு கிளாம்பையும் இறுக்கினாள். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை மட்டும் இறக்கினாள்.

மேல் பலகையிலிருந்து மரத்தூள் வந்தது. பிறகு இரும்புச் சுருள். பிறகு மறுபடி மரத்தூள். அவ்வளவுதான். பலகை மயிரிழைகூட அசையவில்லை.

நான் மூச்சு விட்டேன். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சூப்பர். ஒரு தகட்டுக்கு இவ்ளோ நேரம்னா முப்பதுக்கு?"

பாதுகாப்பாகச் செய்யலாம், ஆனால் மெதுவாக. மெதுவாக என்றால் நாளைக்கே மறுபடியும் கையால்தான் பிடிக்கச் சொல்வார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"யாருண்ணே ஒண்ணொண்ணா போடப் போறா?"

ஐந்து தகடுகளை ஓரம் பிசகாமல் அடுக்கி, இரண்டு பலகைக்கும் நடுவே வைத்து ஒரே கட்டாக இறுக்கினாள். மேலே இருந்த பலகையில் மட்டும் நான்கு குறி. ஒரு முறை கைப்பிடியை இறக்கினால் ஐந்து துளை. முப்பது தகடு, ஆறே கட்டு. முதல் கட்டைப் பிரித்தபோது விவசாயி ஒரு தகட்டைத் தூக்கித் துளை வழியே என்னைப் பார்த்தார். "பிசிறே இல்லம்மா!" கையால் பிடித்துப் போட்ட துளையின் விளிம்பு ரம்பம் போல இருக்கும், அரம் வைத்துத் தேய்க்க வேண்டும். இதில் அந்த வேலையும் மிச்சம்.

மூன்றாவது கட்டுக்குள் முதலாளி கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான்காவதற்கு அவரே பலகை எடுத்துக் கொடுத்தார். "இனிமே இந்தக் கிளாம்பு ரெண்டுக்கும் மிஷின் மேலயே பொட்டு வெச்சிடலாம், ஆயுத பூஜைல சாமி முன்னாடி வரிசையில வைக்க வேணாம்" என்றார். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை. இதையே மன்னிப்பாக நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசிக் கட்டில் ஒரு துளை பாக்கி. "நீ போடும்மா" என்றாள்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வலது கையால் கைப்பிடியை மெல்ல இறக்கினேன். பலகை அசையவில்லை. பலகை, இரும்பு, பலகை. அடியில் பிட்டின் இறுக்கம் தளர்ந்தபோது, "போதும், மேல தூக்கு" என்றாள். தூக்கினேன். ஐந்து தகட்டிலும் நான் போட்ட துளை. விவசாயி கை தட்டினார். நானும் தட்டினேன், எனக்கு நானே.

பகல் பன்னிரண்டு மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டியில் தனியாக ஏறினேன். கண்டக்டரிடம் ஒரே ஒரு டிக்கெட் கேட்டபோது, என் குரல் தேவைக்கு மேல் பலமாக இருந்தது.