புரோக்கர் வைத்த குடித்தனம்

ஒயரின் நுனியைப் பல்லில் கடித்தபடி, கணினிப் பெட்டியின் முதுகை விரலால் தடவிக்கொண்டிருப்பார். துளை அகப்பட்டதும், “கொஞ்சம் தள்ளி உக்காருங்க சாமி, பெரியவர் வர்றாரு” என்பார். பக்கத்தில் இருக்கும் நம்மிடம் அல்ல, பெட்டியிடம்.

எங்கள் காது மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். நான் வரவேற்பு மேசைக்காரி. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் புரோக்கர். அந்தப் பெயர் அவர் பேச்சால் வந்தது.

“இந்தப் பெட்டிங்கற ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் வெச்சிருக்கேன். புது சிஸ்டம் வீட்டுக்காரன். பழைய சிஸ்டம் உள்ள குடியிருக்கற பெரியவர். அவருக்கு முழு வீடும் தன்னோடதுன்னு நெனப்பு. நடுவுல ஒரு புரோகிராம் உக்காந்து எடத்தப் பங்கு பிரிச்சுக் குடுக்குது. சண்டையே கிடையாது, நம்ம வீடு மாதிரியா?”

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோவார். சட்டைப் பையில் இருக்கும் பேனாவை அடுத்தவரிடம் கேட்பார். அவரை என்ன கிண்டல் செய்தாலும் சிரிப்பார். “அந்தப் பழசைத் தூக்கிப் போட்டா என்ன?” என்று கேட்டால் மட்டும் முகம் செத்துவிடும்.

அவர் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குழந்தையாக இருந்தபோது அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். அவள் வளர வளர அதன் ஒலி அளவைத் திருத்த வேண்டும். கருவியைத் தயாரித்த கம்பெனிக்காரர்கள் அந்த மாடலையே கைவிட்டுவிட்டார்கள். திருத்தும் புரோகிராம் பழைய சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். அது இருந்த கணினி புகைந்துபோனபோது, சிஸ்டத்தை அப்படியே பெயர்த்துப் புதிய கணினிக்குள் குடிவைத்தவர் இவர்தான்.

போன வாரம் வீட்டுக்காரன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டான். அதிலிருந்து, காதுக் கருவியைக் கணினியோடு இணைக்கும் ஒயரைச் செருகினால் பெரியவருக்குத் தெரியவில்லை. ஒலியைத் திருத்த முடியாததால் அந்தப் பெண் வகுப்பில் ஒன்றும் சரியாகக் கேட்காமல், டீச்சரின் உதட்டைப் பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கும் கருவி கம்ப்யூட்டர்ல வரலைன்னா, மறுபடி ஆபரேஷன் பண்ணி வேற கருவிதான் வைக்கணும். தேதி குடுத்துடறேன்” என்றார் டாக்டரம்மா, தணிந்த குரலில்.

“சரிங்க” என்றார் இவர். முதல் ஆபரேஷனில் அந்தக் குழந்தை பட்ட பாட்டைப் பார்த்தவள் நான்.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பெட்டியின் முன் பழி கிடந்தார். செருகினார், பிடுங்கினார், மறுபடி செருகினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஒயர்ல வர்றத வாசல்லயே வீட்டுக்காரன் வாங்கி வெச்சுக்கறான். உள்ள இருக்கறவர் கைக்குப் போய்ச் சேரவே இல்ல.”

இனி அந்த ஒயர் வந்தால் நேராகப் பெரியவருக்கே கொடு என்று நடுவில் இருக்கும் புரோகிராமுக்குக் கட்டளை போட்டார். செருகினார். பழைய சிஸ்டத்தின் மங்கிய கட்டத்துக்குள் கருவியின் பெயர் வந்து நின்றது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

புரோக்கர் போய் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். உள்ளங்கையால் தன் வாயை முழுக்க மூடிக்கொண்டு, “பசிக்குதாடா?” என்றார்.

“கேக்குதுப்பா. கையை எடு.”

அவர் எடுக்கவில்லை.