செத்தவருக்கும் ஏறிய அபராதம்

மலாய் நாட்டில் எங்கள் ஊர் காஜா பெராங்கில் ஒரு மரண சகாய சங்கம் இருந்தது. மாதம் அரை வெள்ளி கட்டினால், ஆள் போனதும் சவப்பெட்டிக்கும் கருமாதிக்கும் சங்கம் பணம் தரும். பாக்கி வைத்தவருக்குப் பணமும் கிடையாது, ஓட்டும் கிடையாது. நல்ல விதிதான். ஜப்பான்காரன் வருவான் என்று அதை எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வந்தவன் கூட்டம் கூடக் கூடாது என்றான். மரவள்ளிக்கிழங்குக்கே வழியில்லாத ஜனம் சந்தாவை நிறுத்தியது. செயலாளர் மட்டும் தன் சந்தாவைத் தானே கட்டி, தானே ரசீது எழுதி, தானே வாங்கிக்கொண்டார். வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு நாங்கள் கட்டிய காசெல்லாம் பழைய பாக்கியின் அபராதத்தில் விழுந்தது. குதிரை கீழே தள்ளினது போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்கள். எங்கள் குதிரை அதற்கு ரசீதும் கொடுத்தது.

அபராதத்தைத் தள்ளுபடி செய்யப் புது நிர்வாகம் வேண்டும். புது நிர்வாகத்துக்கு ஓட்டு வேண்டும். ஓட்டுக்குப் பாக்கி இருக்கக் கூடாது. மெர்டேகா என்று சுதந்திரப் பேச்சு வந்து, நகராட்சித் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டும் போட்டோம். சங்கத்தில் மட்டும் ஒரே வாக்காளர். அவர் ஆண்டுதோறும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

என் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா, அப்பம் சுட்டு விற்பவர். புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். கூடப் போய்த் திரும்பிய ஒருவர், தன் கையாலேயே அவரைப் புதைத்ததாகச் சொன்னார். செயலாளருக்கு அது போதவில்லை.

"எழுத்துல இல்லையேம்மா. பாக்கி வேற நிக்குது."

செத்தவருக்கும் மாதாமாதம் அபராதம் ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்களே செலவு பண்ணிக் கருமாதிய முடிச்சிரலாமேக்கா," என்றேன்.

"வாயக் கட்டி வயித்தக் கட்டி அவரு கட்டுன காசு தம்பி. அதுலதான் படைப்பேன்."

வருஷக்கணக்காக இதே பதில்.

அந்த வருஷமும் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். என் பக்கத்தில் ஒரு சிட்டிப் பெரியவர், எப்போதோ வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிப்போன தமிழ் வம்சம். எங்கள் சாமியைத்தான் கும்பிடுவார், தமிழ் மட்டும் வராது. நடப்பதை நான்தான் மலாயில் சொல்வேன். 'ஜப்பான் காலத்திலும் விடாமல் கட்டியவர் இவர் ஒருத்தர்தானாம்' என்று சொன்னேன்.

பெரியவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பாயார் டூயிட் அப்பா?" என்றார்.

எந்தக் காசில் கட்டினார் என்கிறார். அது எங்கள் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எழுந்து தமிழில் கேட்டேன்.

"அப்ப ஓடுன காசுலதான். ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டு," என்றார் செயலாளர்.

"அது வெள்ளக்காரன் வந்ததும் செல்லாமப் போன நோட்டாச்சே. அப்ப ஒங்களுக்கும் பாக்கிதானே?"

"ஜப்பான் காலத்துச் சந்தாவுக்கு ஜப்பான் நோட்டு செல்லும்யா!" என்று மேசையைத் தட்டினார்.

நுணலும் தன் வாயால் கெடும். கூட்டம் மொத்தமும் எழுந்து வீட்டுக்கு ஓடியது. வாழைமரம் அச்சடித்த அந்த நோட்டு இல்லாத வீடு ஏது? தகரப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்தோம், பிள்ளைகள் கடை வைத்து விளையாடின. பக்கத்து ஊர் செமாபோக்கில் இருந்த ஓர் உறுப்பினர் சைக்கிளில் போய் ஒரு சாக்கே கட்டிக்கொண்டு வந்தார்.

செயலாளர் சொன்ன சொல் மாறாதவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சந்தாவுக்கும் அபராதத்துக்கும் நோட்டை வாங்கி, ஒவ்வொருவருக்கும் ரசீது எழுதினார்.

அக்கா கொண்டுவந்தவை, புருஷனைக் கூட்டிப் போன அன்று ஜப்பான்காரன் கையில் திணித்த முன்பண நோட்டுகள். மடிப்புகூடக் கலையவில்லை. செயலாளர் எண்ணி முடித்து, பேனாவில் மை தொட்டார். பிறகு ரசீதில் அக்கா புருஷனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

"எழுத்துல வந்துருச்சு," என்றார் அக்கா.

ஓட்டெடுப்பு நடந்தது. செத்தவருடைய ஓட்டு, விதிப்படி, அக்காவுக்கு. புது நிர்வாகம் செய்த முதல் வேலை அக்காவுக்குப் பணம் கொடுத்தது.

தோற்ற செயலாளருக்கு விழுந்தது இரண்டு ஓட்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று எந்தத் துரோகியுடையது என்று ஊரே துப்புத் துலக்கியது. கருமாதிப் பந்தியில் செயலாளரும் வந்து உட்கார்ந்தார். அவர் இலையில் இரண்டாவது வடையை வைத்துவிட்டு வந்த அக்கா என்னிடம் சொன்னார்:

"நாந்தான் போட்டேன் தம்பி. அவரு செத்துட்டாருன்னு எனக்கு எழுதிக் குடுத்தது அந்த மனுசன் ஒருத்தருதானே."