ஸ்டெய்னாவின் மீன் பரண்

கனடாவில் வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில், ஐஸ்லாந்திலிருந்து வந்த தாத்தா பாட்டிகள் குடியேறிய எங்கள் ஊர் முடிகிற இடத்தில் ஒரு முனை இருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், எந்நேரமும் காற்று. ஏரிச்சாலையில் உல்லாசமாகக் கார் ஓட்டி வருகிறவர்கள் அங்கே இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள். அவர்கள் நிற்கிற இடத்தில்தான், கழிகளை நட்டுக் கட்டிய, மீன் காயப்போடுகிற ஸ்டெய்னாவின் பரண் இருந்தது. அதை அறுத்துப் போட்டவர்கள் யாரும் வெளியூர்க்காரர்கள் இல்லை, எல்லாம் நம்மவர்கள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஸ்டெய்னா என் பக்கத்து வீட்டுக்காரி. அறுபத்தெட்டு வயது. உறைந்த ஏரியில் பனி உடைந்து கணவன் கிரிமுர் மூழ்கிப் போனபின், அவன் வலைகளை அவளே எடுத்துக்கொண்டாள். "பொம்பளை ஐஸ் மேல வலை போடுறதா?" என்று சிரித்த ஆண்கள் அடுத்த குளிர்காலமே வலை இறக்க அவள் பனியில் துளை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் துளை போட்டார்கள்.

மார்ச்சில் பிடிக்கும் மீனைப் பிளந்து, உப்பே போடாமல் முனையில் தொங்கவிடுவாள். ஈ வருவதற்குள் குளிர்காற்று அதைக் கட்டையாகக் காயவைத்துவிடும். சுத்தியலால் தட்டி, வெண்ணெய் தடவித் தின்போம். அந்தக் கருவாடு இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது?

ஏரிச்சாலையை வெளியூர்க்காரர்களுக்காக அழகுபடுத்த ஊரில் போட்ட குழுவின் தலைவன் பால்டுர். ஸ்டெய்னாவின் சித்தி மகன். அவள் ஊற்றிய காபியைக் குடித்துக்கொண்டேதான் பேச்சை எடுத்தான்.

"நிலம் ஊருக்குச் சொந்தம், ஸ்டெய்னா. கோடையில சும்மா நிக்கிற கழிங்க போட்டோல அசிங்கமா தெரியுது."

"உன் கல்யாணத்துல தட்டுத் தட்டா தின்னியே, அப்ப அசிங்கமா இல்லையா?"

"கொல்லையில கட்டிக்கோயேன்."

"கொல்லையில காத்து எங்கடா இருக்கு? உன் வாயில வர்ற காத்துலயா காயவைக்கிறது?"

அவன் சிரித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் ரம்பத்தோடு ஆள் வந்தது. நான் கத்தினேன். ஸ்டெய்னா கழிகள் லாரியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து வந்த மார்ச்சில் கொல்லையில் தொங்கவிட்ட மீனில் பாதி பூசணம் பிடித்தது. மீதியை நாய்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

ஆகஸ்டில் சாலைத் திறப்பு விழா. ஐஸ்லாந்திலிருந்து ஹால்வேய்க் என்ற அம்மாள் விருந்தாளியாக வந்தார். பால்டுர் கூச்சமே இல்லாமல் அவரை ஸ்டெய்னா வீட்டுக்கு அழைத்து வந்தான். வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் காபி ஊற்றாமல் எங்களால் அனுப்ப முடியாது. அந்தத் தைரியம் அவனுக்கு.

"ஸ்டெய்னா, நம்ம மீனைக் கொண்டாயேன். இவங்க அதுக்குன்னே வந்திருக்காங்க."

அவள் உள்ளே போய், கடையில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். விருந்தாளி அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க ஊர்லேர்ந்து வர்ற பாக்கெட் ஆச்சே! நீங்க காயவைக்கிறது இல்லையா?"

"முனையில போட்டோ எடுத்தீங்களா?"

"எடுத்தேன். காத்து ஆளையே தள்ளுது."

"அந்தக் காத்துலதாங்க எங்க மீன் காஞ்சுது. உங்களுக்கு அழகா தெரியணும்னு இவன் அறுத்துட்டான்."

பால்டுரின் முகம் சிவந்தது. "திருப்பிக் கட்டிக் கொடுத்துடுவீங்கல்ல?" என்று விருந்தாளி அவனிடம் கேட்டார். "குழுவுல பேசி நல்லபடியா செஞ்சிடுவோம்" என்றான்.

பேசத்தான் செய்தார்கள். இந்த வசந்தத்தில் முனைக்கு ஒரு பலகை வந்தது. பளபளவென்ற வண்ணப் படம். கழிகள், மீன்கள், முக்காடு போட்ட ஒரு பெண். கீழே: "இங்கே நம் முன்னோர் மீன் காயவைத்தார்கள்."

பரணைத்தான் கட்டியிருப்பார்கள் என்று நம்பி வந்த ஸ்டெய்னா, கையில் பிளந்த மீன்களோடு அதன் முன்னால் நின்று படித்தாள். பக்கத்தில் பால்டுர் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"முன்னோரா?" என்றாள். "நான் இன்னும் சாகலையேடா."